வலி மாத்திரை புற்றுநோயைக் கொல்லுமா? ஆய்வுக்கூடச் சோதனை பற்றி ஓர் எளிய விளக்கம்

ஜெர்மனியில் ஒரு வலி மாத்திரை புற்றுநோய்ச் செல்களைக் கொல்வதாகக் கண்டுபிடித்துவிட்டார்கள், விலை மலிவு என்பதால் கம்பெனிகள் வெளியே விடவில்லை. இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி ராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கள் மண்டபம், பாம்பன் ஊர்கள் பக்கம் அவ்வப்போது சுற்றி வருகிறது. மருந்துக்கடை வைத்திருப்பதால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்களும் உண்டு. சும்மா "அதெல்லாம் பொய்" என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. ஏனென்றால் முதல் பாதி பொய் இல்லை. ஜெர்மனியில் அப்படி ஒரு ஆராய்ச்சி உண்மையிலேயே நடந்தது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஒரு மருந்து செல்லைக் கொன்றது என்பதற்கும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும் ஒருவரைக் குணப்படுத்தியது என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை யாரும் நம் மக்களுக்கு உட்கார்ந்து சொல்லவில்லை.

முதலில் அந்த மாத்திரை. பெயர் மெத்தடோன். 1930-களின் கடைசியில் ஜெர்மனியின் ஹோக்ஸ்ட் மருந்து ஆலையில் மாக்ஸ் போக்மூல், குஸ்தாவ் எர்ஹார்ட் என்ற இரண்டு வேதியியலாளர்கள் உருவாக்கியது. மார்ஃபின் என்ற பழைய வலி மருந்து கசகசாச் செடியின் பாலில் இருந்து வருகிறது. மெத்தடோனுக்குச் செடியே தேவையில்லை, முழுக்க ரசாயனக் கூடத்தில் செய்வது. ஆனால் இரண்டும் வேலை செய்யும் இடம் ஒன்றுதான். மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புச் செல்களின் மேல் ஓபியாய்டு ஏற்பிகள் என்ற புரதங்கள் இருக்கின்றன. மருந்து அதில் போய் ஒட்டினால் வலிச் செய்தி அடங்கிப் போகும். இந்த வகை மருந்துகளைத்தான் ஓபியாய்டு என்கிறோம். 1960-களில் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற மருத்துவர்கள், ஹெராயினுக்கு அடிமையானவர்களை மீட்க இதைக் கொடுக்கலாம் என்று காட்டினார்கள். இந்தியாவிலும் போதை மீட்பு சிகிச்சையில் பயன்படுகிறது. என் கடை மாதிரி சாதாரண மருந்துக்கடையில் இதை வைத்திருக்க முடியாது.

சரி, இது புற்றுநோய்ப் பக்கம் எப்படி வந்தது? உல்ம் பல்கலைக்கழகத்தில் கிளாடியா ஃப்ரீசன் என்ற ஆராய்ச்சியாளரின் குழு, ரத்தப் புற்றுநோய்ச் செல்களை மெத்தடோன் கொல்கிறது என்று 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. அதிலும் கவனிக்க வேண்டிய விஷயம், கீமோ மருந்துக்கு அசையாமல் நின்ற செல்களும் செத்தன என்பது. 2014-ல் அதே குழு கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைக் கட்டியின் செல்களில், மெத்தடோனைச் சேர்த்தால் கீமோ மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று எழுதியது.

இங்கே கொஞ்சம் நின்று, அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். நாம் ரத்தம் கொடுக்கப் போகும் லேப் இல்லை இது. எப்போதோ ஒரு நோயாளியின் உடலில் இருந்து எடுத்த புற்றுச் செல்களை, சத்துநீர் ஊற்றி, வருடக் கணக்கில் உயிரோடு பெருக்கிக்கொண்டே வருவார்கள். இப்படி வளர்ப்பதைச் செல் வரிசை என்பார்கள். 1951-ல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றில் இருந்து எடுத்த செல்கள் இன்றும் உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் வளர்கின்றன. 37 டிகிரி வெப்பம், கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு, ஈரப்பதம். நம் உடம்பின் சூட்டிலேயே ஒரு பெட்டிக்குள் வைத்திருப்பார்கள்.

சோதனைக்கு உள்ளங்கை அளவில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் 8 வரிசை, 12 பத்தி, மொத்தம் 96 குழிகள். ஒவ்வொரு குழியும் பென்சில் நுழையும் அகலம்தான். ஒவ்வொன்றிலும் சில ஆயிரம் செல்கள், சில சொட்டுச் சத்துநீர். சில குழிகளில் மருந்தைக் குறைவாகவும், சிலவற்றில் அதிகமாகவும் விடுவார்கள். சிலவற்றில் மருந்தே இருக்காது, மருந்தைக் கரைத்த திரவம் மட்டும் போகும். ஒப்பிட்டுப் பார்க்க இந்தக் குழிகள் கட்டாயம் வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்து எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தை விடுவார்கள். உயிரோடு இருக்கும் செல் அந்த மஞ்சளை ஊதாப் படிகமாக மாற்றும். செத்த செல்லால் முடியாது. படிகத்தைக் கரைத்து, ஒரு கருவிக்குள் தட்டை வைத்தால், எந்தக் குழியில் எவ்வளவு ஊதா என்று எண்ணாகச் சொல்லிவிடும். ஊதா வெளுத்துப்போன குழியில் செல்கள் குறைந்துவிட்டன என்று அர்த்தம்.

குறைந்துவிட்டன என்றுதான் சொன்னேன், செத்துவிட்டன என்று சொல்லவில்லை. செல்கள் பெருகாமல் சும்மா இருந்தாலும் ஊதா குறையும். செத்ததா, தூங்கியதா என்று தெரிய வேறு சோதனைகள் வேண்டும். உல்ம் குழு அதையும் செய்தது. செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்போது கேஸ்பேஸ் என்ற நொதிகள் கிளம்பும். அவை கிளம்பியதைக் காட்டினார்கள். அவர்கள் சொன்ன விளக்கம் இது: புற்றுச் செல்களின் மேலும் ஓபியாய்டு ஏற்பிகள் இருக்கின்றன, மெத்தடோன் அதில் ஒட்டினால் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறு குறைகிறது, செல் தற்கொலைப் பாதைக்குப் போகிறது. டாக்சோருபிசின் என்ற கீமோ மருந்து செல்லின் மேல் இந்த ஏற்பிகளைக் கூட்டுகிறது. மெத்தடோன் பதிலுக்கு டாக்சோருபிசினைச் செல்லுக்குள் கூடுதலாக நுழையவிட்டு, வெளியே துப்பாமல் தடுக்கிறது. ஒன்றுக்கொன்று கை கொடுக்கிறது. படிக்கும்போது எனக்கே ஆசையாகத்தான் இருந்தது. ஆராய்ச்சி என்ற முறையில் கேட்க வேண்டிய கேள்வி, அதில் சந்தேகமே இல்லை.

அடுத்தது அளவு. எந்த மருந்துச் செய்தியிலும் நான் முதலில் தேடுவது இதைத்தான். குழியில் செல்லுக்கும் மருந்துக்கும் நடுவில் எதுவும் கிடையாது. மனிதனிடம் அப்படி இல்லை. விழுங்கிய மாத்திரை குடலில் கரைந்து, கல்லீரலில் உடைந்து, கொழுப்பிலும் தசையிலும் ஒதுங்கி, மீதிதான் ரத்தத்தில் சுற்றுகிறது. அந்த மீதியில் ஒரு பகுதிதான் கட்டிக்குப் போய்ச் சேரும். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போடுவதும், அதே சிட்டிகையைப் பாக் நீரிணையில் போடுவதும் ஒன்றாகுமா? மெத்தடோன் எடுத்துக்கொள்கிறவர்களின் ரத்தத்தில் வழக்கமாக ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் கீழேதான் மருந்து இருக்கும். ஆய்வுக்கூடத்தில் செல்கள் மளமளவென்று செத்த பல சோதனைகளில் இருந்ததோ அதைப்போலப் பல மடங்கு. அந்த அளவை ரத்தத்தில் கொண்டுவர மாத்திரையைக் கூட்டினால் கட்டி சுருங்குவதற்கு முன்னால் மூச்சு நின்றுவிடும்.

அப்புறம் இன்னொன்று. குழிக்குள் எதைப் போட்டாலும், போதுமான அளவு போட்டால் செல் சாகும். பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றினாலும் சாகும், நம் கடல் தண்ணீரை அப்படியே ஊற்றினாலும் உப்பு தாங்காமல் சாகும். அதனால் கேட்க வேண்டியது, புற்றுச் செல்லைக் கொல்லும் அளவு நல்ல செல்லை விட்டுவைக்கிறதா என்பது. மன்னார் வளைகுடாப் பாசிச் சாறு, பஞ்சுயிரி என்ற கடற்பஞ்சின் சாறு புற்றுச் செல்லைக் கொன்றது என்று செய்தி வரும்போதும் இதே கேள்விதான். கட்டக்கோரை என்ற கடற்பாசியைக் கரையில் இருந்து அள்ளிவந்து கஷாயம் வைத்துக் குடித்தால் கேன்சர் போகும் என்று யாராவது சொன்னால், அவர் தட்டுக் குழிக்கும் மனித வயிற்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் பேசுகிறார்.

கடலில் இருந்து மருந்தே வராது என்று நான் சொல்ல வரவில்லை. வந்திருக்கிறது. கரீபியக் கடலின் ஒரு பஞ்சுயிரியில் இருந்து வெர்னர் பெர்க்மான் என்ற வேதியியலாளர் 1950-களின் தொடக்கத்தில் சில விசித்திரமான மூலக்கூறுகளைப் பிரித்தெடுத்தார். அவற்றை முன்மாதிரியாக வைத்துச் செய்த சைட்டரபின் என்ற மருந்துக்கு 1969-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்றும் ரத்தப் புற்றுநோய்க்கு அது முக்கியமான மருந்து. தட்டில் இருந்து கிளம்பி நோயாளியின் கைக்கு வர ஏறக்குறைய இருபது வருடம் பிடித்தது. அந்த இருபது வருடத்தில் என்ன நடந்தது என்பதுதான் வாட்ஸ்அப் செய்தியில் வராத பகுதி.

தட்டில் நன்றாக வேலை செய்த மருந்தை வேறு ஆய்வுக்கூடங்கள் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். பிறகு எலி. பிறகு சிறிய எண்ணிக்கையில் மனிதர்கள், எந்த அளவு வரை தாங்குகிறது என்று பார்க்க. பிறகு குறிப்பிட்ட ஒரு நோயில் பலன் தெரிகிறதா என்று பார்க்க இன்னும் கொஞ்சம் பேர். கடைசியாக நூற்றுக்கணக்கான நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை, மறு பிரிவுக்கு அதோடு புதிய மருந்து. இந்தக் கடைசிப் படி ஏன் வேண்டும் என்றால், நோய் ஆளுக்கு ஆள் வேறு மாதிரி போகும். மெத்தடோன் எடுத்த ஒருவர் மூன்று வருடம் நன்றாக இருந்தார் என்றால், எடுக்காமலே அவர் அப்படி இருந்திருப்பாரா என்று ஒப்பிட ஆள் வேண்டும். மனிதரிடம் சோதனைக்கு வந்த புற்றுநோய் மருந்துகளில் ஏறக்குறைய இருபதில் ஒன்றுதான் அனுமதி வரை போகிறது. தட்டிலேயே நின்றுபோனவை இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

மெத்தடோன் இந்தப் பாதையில் எவ்வளவு தூரம் வந்தது? எலிகளில் உல்ம் குழு நம்பிக்கையான முடிவு கண்டது. பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையில் மூளைக் கட்டி உள்ள 27 பேருக்குக் கீமோவோடு மெத்தடோன் கொடுத்த அனுபவத்தை 2017-ல் வெளியிட்டார்கள். சேர்த்துக் கொடுக்க முடிகிறதா, தாங்குகிறதா என்பதுதான் அவர்கள் பார்த்தது. ஒப்பிட்டுப் பார்க்க மறு பிரிவு இல்லாததால், ஆயுளைக் கூட்டியதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. 2019-ல் லைப்சிக் நகர ஆராய்ச்சியாளர்கள் கிளியோபிளாஸ்டோமா செல்களில் திரும்பச் செய்து பார்த்தார்கள். மெத்தடோன் சேர்த்ததால் கதிர்வீச்சுக்கோ கீமோவுக்கோ கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. அதாவது, முதல் படியிலேயே இரண்டு ஆய்வுக்கூடங்கள் இரண்டு விதமாகச் சொல்கின்றன. இதில் யாரும் ஏமாற்றுக்காரர் இல்லை. அறிவியல் இப்படித்தான் நகரும். ஆனால் இந்த இடத்தில் நிற்கும் ஒன்றை மருந்து என்று நோயாளியிடம் கொடுக்க முடியாது.

ஜெர்மனியில் இதற்கு முன்பே விஷயம் தெருவுக்கு வந்துவிட்டது. 2017-ல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி இதை ஒளிபரப்பியதும், நோயாளிகள் தங்கள் மருத்துவர்களிடம் மெத்தடோன் கேட்டுப் போக ஆரம்பித்தார்கள். அந்த நாட்டின் புற்றுநோய் மருத்துவர் சங்கங்கள் வெளிப்படையாக எச்சரிக்க வேண்டியதாயிற்று: வலிக்கு வேண்டுமானால் கொடுக்கலாம், கட்டிக்கு மருந்தாகக் கொடுக்க ஆதாரம் இல்லை என்று. முறையான சோதனை ஒன்றை, பரவிய குடல் புற்றுநோயில், உல்மிலேயே திட்டமிட்டார்கள். மறைக்கிற விஷயம் என்றால் அதற்கு நிதி கிடைத்திருக்காது.

எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவர், விரல்களில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்காமல் நேராகக் கடைக்கு வந்தார். போனை நீட்டி, "தம்பி, இந்த மாத்திரை உங்ககிட்ட இருக்கா? எங்கண்ணனுக்கு வாங்கணும்" என்றார். அண்ணனுக்கு வாயில் புற்று. மதுரையில் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்து வந்திருந்தார்கள். இருக்கும் மாத்திரைகளைக் கொண்டு வாருங்கள் என்றேன். மறுநாள் ஒரு மஞ்சப்பை நிறையக் கொண்டுவந்தார். அதன் அடியில் பிரிக்காத மார்ஃபின் அட்டை ஒன்று. மருத்துவர் எழுதிக் கொடுத்தது. "ஏன்க்கா, இதைக் குடுக்கலையா?" என்றதற்கு, "அது கடைசியில குடுக்கிறது தம்பி. குடுத்தா ஆளு எந்திரிக்க மாட்டாருன்னாங்க" என்றார். அண்ணன் அதுவரை பாராசிட்டமாலோடு ராத்திரி முழுக்க உட்கார்ந்துகொண்டே இருந்திருக்கிறார்.

இதைத்தான் என்னால் சும்மா விட முடியவில்லை. நிரூபிக்கப்படாத ஓர் ஓபியாய்டைத் தேடி அலைகிறோம். நிரூபிக்கப்பட்ட ஓர் ஓபியாய்டு பைக்குள் கிடக்கிறது. ஒன்றைக் கட்டியைக் கரைக்கும் என்று நம்புகிறோம், மற்றதை ஆளைக் கொல்லும் என்று பயப்படுகிறோம். இரண்டும் ஒரே குடும்பத்து மருந்துகள், அக்கா அண்ணனுக்காக எதிர்பார்த்ததும் பயந்ததும் இரண்டுமே தவறான இடத்தில்.

மார்ஃபினை வைத்தும் ஆய்வுக்கூடச் சோதனைகள் நடந்திருக்கின்றன, அதுவும் எதிர்த்திசையில். 2002-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கல்பனா குப்தாவின் குழு, எலிகளில் மார்ஃபின் புதிய ரத்த நாளங்களை வளர்த்து மார்பகக் கட்டியை வேகப்படுத்துகிறது என்று வெளியிட்டது. மெத்தடோன் தட்டை நம்பி மாத்திரை விழுங்குகிறவர், இந்த எலியையும் நம்பி மார்ஃபினை நிறுத்தத்தான் வேண்டும். இரண்டையும் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. உலகம் முழுக்கப் புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் கொடுத்த அனுபவம் பல பத்து வருடங்களுக்கு இருக்கிறது. 1986-லேயே உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு அதைப் பரிந்துரைத்துவிட்டது. முறையாகக் கொடுக்கும் மார்ஃபின் நோயாளியின் நாட்களைக் குறைப்பதில்லை. சாப்பிட, தூங்க, குடும்பத்தோடு பேச விடுகிறது.

மெத்தடோனும் வலிக்கு நல்ல மருந்துதான், ஆனால் பழகிய கை வேண்டும். வலியை அடக்குவது சில மணி நேரம். உடலை விட்டுப் போவதோ மெதுவாக. பாதி அளவு வெளியேறச் சிலருக்கு 8 மணி நேரம், சிலருக்கு 59 மணி நேரம்கூட ஆகும். வலி திரும்பிவிட்டதே என்று இன்னொன்று போட்டால், முதல் மாத்திரை இன்னும் உள்ளேதான் இருக்கும். இப்படி நாலைந்து நாளில் சேர்ந்து, ராத்திரித் தூக்கத்தில் மூச்சு மெதுவாகிவிடும். இதயத்தின் மின்துடிப்பையும் இது குழப்பும். கீமோ நோயாளிகளுக்கு வாந்திக்குக் கொடுக்கும் ஆன்டன்செட்ரானும் அதே இடத்தில் கை வைக்கும் மருந்து. வாய்ப்புண்ணில் பூஞ்சை வந்தால் கொடுக்கும் ஃபுளுகோனசோல், மெத்தடோன் உடைவதைத் தடுத்து ரத்தத்தில் கூட்டிவிடும். ஒரு கீமோ நோயாளியின் மருந்துச் சீட்டில் இந்த மூன்றும் சந்திக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். யாரோ வெளியூரில் இருந்து வாங்கி அனுப்புகிறேன் என்றால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

மார்ஃபினும் எல்லாக் கடையிலும் கிடைக்காது. 1985-ல் வந்த போதைப்பொருள் தடைச் சட்டம் அத்தனை கெடுபிடியாக இருந்ததால், நாட்டில் வருடத்துக்குச் சுமார் 600 கிலோ இருந்த மார்ஃபின் பயன்பாடு 1997-ல் 18 கிலோவாகச் சுருங்கியது. சட்டப்படி அபினி விளைவித்து வெளிநாட்டுக்கு அனுப்பும் நாடு இது. நம் நோயாளிகள் வலியில் துடித்துக்கொண்டிருந்தார்கள். 2014-ல் சட்டத்தைத் திருத்தியபின், அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் வாங்கி வைத்துக் கொடுக்க வழி பிறந்தது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, சிகிச்சை நடக்கும் மதுரை மருத்துவமனையிலோ, வலி நிவாரணமும் ஆதரவு சிகிச்சையும் எங்கே தருகிறார்கள் என்று கேளுங்கள். நோயாளி நடக்க முடியாதவர் என்றால், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சை பார்ப்பதும் உண்டு. கிராமச் சுகாதார நர்சிடம் சொன்னால் பெயர் பதிந்துகொள்வார்.

மார்ஃபின் ஆரம்பித்த பிறகு நினைவில் வைக்க வேண்டியவை சில. சாதாரண மாத்திரை என்றால் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதுவார்கள். வலி வரும்வரை காத்திருக்காமல் நேரத்துக்குக் கொடுங்கள். முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு குறையும். மலச்சிக்கல் மட்டும் குறையாது, அதனால் மலமிளக்கியையும் சேர்த்து எழுதச் சொல்லி முதல் நாளே கேட்டு வாங்குங்கள். வலி அடங்கவில்லை என்றால் அளவை நீங்களாகக் கூட்டாமல் மருத்துவருக்குப் போன் போடுங்கள். எழுப்பினாலும் கண் திறக்காத தூக்கம், மூச்சு ரொம்ப மெதுவாக வருவது, இந்த இரண்டில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். சில வாரம் எடுத்த பிறகு திடீரென்று நிறுத்தக் கூடாது. அட்டையைப் பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் வையுங்கள், மீந்ததைக் கொடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.